மிசினுக்கு வைத்த பொட்டு

தண்ணீர் இறைக்கிற மிசினைப் பழுதாக்கியவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு கதை இருக்கிறது. கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ நாலு பேர் கூடியிருந்து பழைய கதை எடுத்தால், யாராவது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இவள்தானே மிசினைப் பழுதாக்கினவள்" என்று தொடங்குவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். முதல் தடவை என் பிழைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவை நான் அந்த மிசினைத் தொடவே இல்லை. இதைப் பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு ஒருவரும் இல்லாதபடியால் இப்போது எழுதுகிறேன்.

உடுவிலில் எங்கள் தோட்டமும் பெரியப்பாவின் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு பங்குக் கிணறு. திங்களும் வியாழனும் எங்கள் முறை, செவ்வாயும் வெள்ளியும் பெரியப்பாவின் முறை. மிசினும் பங்கு மிசின்தான். பெற்றோல் ஊற்றுகிற சிவப்புத் தாங்கி வைத்த, கயிறு இழுத்து இயக்குகிற சின்னப் பெற்றோல் மிசின். முறைக்காரர் முதல் நாள் பின்னேரம் அதைத் தள்ளுவண்டிலில் ஏற்றிக்கொண்டுபோய்த் தன் கொட்டிலில் வைத்துக்கொள்வார். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்து வாங்கியது அது.

பிறகு கதைப்பது நின்றுவிட்டது. பெரியப்பா புது வீடு கட்டிக் குடிபூரல் செய்தபோது, அழைப்பிதழைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். நேரில் வந்து சொல்லவில்லை என்று அப்பா போகவில்லை. கூடப் பிறந்தவனுக்கு வாசலில் வந்து சொல்ல வேண்டுமா, அவன் முதல் நாளே வந்து பந்தல் போட்டிருக்க வேண்டாமா என்று பெரியப்பா கேட்டாராம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று அம்மா சொல்வார். எனக்கு ஒரு பக்கத்திலும் நியாயம் தெரியவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் சுட்ட பலகாரம் எனக்குக் கிடைக்காமல் போனது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சண்டை அவர்களுக்குள், வேலை எனக்கு. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கிணற்றடிச் செய்திகளைக் கொண்டுபோக இந்த உலகத்தில் என்னைவிட்டால் ஆள் இருக்கவில்லை. 'வாய்க்கால் உடைஞ்சிருக்கு எண்டு சொல்லு', 'வாளியைத் திருப்பித் தரச் சொல்லு' என்று ஒரு வருசமாக வேலியில் ஆள் நுழைகிற கடப்புக்குள்ளால் போய் வந்துகொண்டிருந்தேன். கெட்ட சொல் ஏதாவது இருந்தால் அதைக் கழித்துவிட்டுச் சொல்வேன். அதற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொன்னது கிடையாது.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு முதல் நாள் இரண்டு தோட்டத்திலும் மிளகாய்க் கன்று நட்டார்கள். மழை பிந்திவிட்டது. வெயில் கன்றுகளின் தலையைக் கருக்கிக்கொண்டிருந்தது. வெங்காயம் கிண்டி எடுத்த பிறகு இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த மிசின் திங்கட்கிழமை கிணற்றடிக்கு வரும் என்று சொல்லி, அதுவரைக்கும் வாளியால் அள்ளி ஊற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூசையன்று, பொட்டு வைக்கிற பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். மண்வெட்டி, கத்தி, அலவாங்கு, அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கடைசியாக, திங்கட்கிழமைக்காக அப்பா கொண்டுவந்து எங்கள் கொட்டிலுக்குள் வைத்திருந்த மிசினிடம் போனேன். அதற்கு நெற்றி எது என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில், வட்டமாக இருந்தது தாங்கியின் மூடி. அதுதான் நெற்றி என்று முடிவுசெய்தேன். மற்றச் சாமான்களைவிட மிசினில் எனக்குக் கொஞ்சம் பற்று அதிகம் என்பதால் சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அப்பா கயிற்றை இழுத்தார். மிசின் ஒரு தரம் செருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. முப்பது தரமாவது இழுத்திருப்பார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மறுபடி இழுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பெரியப்பரிட்டைப் போய்ச் சொல்லு, கடைசியா மிசின் பிடிச்சவை காபரேற்றரிலை இருந்த பெற்றோலை வடிக்காமல் விட்டிட்டினம் எண்டு."

நான் கடப்புக்குள்ளால் போய்ச் சொன்னேன். பெரியப்பா தன் கன்றுகளுக்கு வாளியோடு நின்றார். அப்பாவைப் பெயர் சொல்லாமல் 'கொப்பர்' என்றுதான் சொன்னார்.

"கொப்பரிட்டைச் சொல்லு, நான் வடிச்சுத்தான் விட்டனான் எண்டு. அவர் இப்ப ஊத்தினது எந்தக் காலத்துப் பெற்றோலெண்டு கேள்."

நான் திரும்பும்போது பின்னால் அவரும் வந்தார். தன் கன்றுகளும் அந்த மிசினை நம்பித்தான் நிற்கின்றன என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் வாளியை வைத்துவிட்டு மிசினுக்கு மறுபக்கத்தில் குந்தினார். அப்பா இந்தப் பக்கத்தில் குந்தினார். எனக்கு நடுவில், நல்ல வெயிலில் இடம் கிடைத்தது.

காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து மிசினுக்கு ஊட்டுகிற சாமான். உள்ளங்கைக்குள் அடங்கும். அப்பா பத்தாம் நம்பர் சாவியால் அதைக் கழற்றி எடுத்து, அடிக் கிண்ணத்தைத் திறந்தார். புளித்த மணம் ஒன்று அடித்தது. இரண்டு மாதமாகக் கிடந்த பெற்றோல் வற்றி, வேப்பம் பிசின் மாதிரி மஞ்சளாகி, தொட்ட விரலோடு இழுபட்டு வந்தது. அப்பா கிண்ணத்தைப் பெரியப்பா பார்க்கும்படி திருப்பி வைத்தார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தச் சின்னக் குறடைத் தரச் சொல்லு" என்றார் அப்பா.

குறடு பெரியப்பாவின் காலடியில் கிடந்தது. கையை நீட்டினால் அப்பாவே எடுத்திருக்கலாம்.

"பெரியப்பா, குறடைத் தரட்டாம்."

"என்னத்துக்கெண்டு கேள். மிதவை ஊசியைக் குறடாலை இழுத்தால் வளையும். நகத்தாலை தள்ளச் சொல்லு."

"அப்பா, நகத்தாலை தள்ளட்டாம்."

"அது எனக்குத் தெரியுமெண்டு சொல்லு."

இப்படியே ஒரு மணி நேரம் போனது. என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கழுத்து நொந்துவிட்டது. என் உள்ளங்கையில் ஜெட் என்கிற பித்தளைச் சாமானை வைத்திருந்தார்கள். நெல்லைவிடக் கொஞ்சம் பெரியது, நடுவில் ஒரு மயிர் நுழையும் அளவுக்குத் துளை. கையை மூடவும் கூடாது, ஆட்டவும் கூடாது, ஆனால் வாய் மட்டும் ஓயாமல் கதைக்க வேண்டும். அந்தத் துளையும் பிசினால் அடைத்திருந்தது. பெரியப்பா கரண்ட் வயரை உரித்து ஒற்றைச் செப்புக் கம்பி எடுத்துத் தந்தார். அப்பா அதைத் துளைக்குள் விட்டு எடுத்தார். பெற்றோலில் கழுவினார்கள், வாயால் ஊதினார்கள், திரும்பவும் கழுவினார்கள். ஒருவர் பிடிக்க மற்றவர் திருப்புவதும், ஒருவர் நிமிர மற்றவர் குனிவதும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு கையும் ஒரே ஆளுடையவை போல வேலை செய்தன. பிறகு என்னத்துக்கு நான் நடுவில் நின்று காய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுகிற நேரம் மிதவை ஊசி அப்பாவின் விரலில் இருந்து வழுக்கியது.

"விடாதையடா, ஊசி விழப்போகுது" என்றார் பெரியப்பா.

என்னிடம் சொல்லவில்லை, நேரே அப்பாவிடம் சொன்னார். அப்பா ஊசியைப் பிடித்துவிட்டார். அதன்பிறகு இரண்டு பேரும் நிமிராமல் அந்த ஊசியையே பார்த்தார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், "அப்பா, ஊசி விழப்போகுதாம்" என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

மிசின் முதல் இழுவையிலேயே இயங்கியது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று வந்து வாய்க்காலில் ஓடியது. பத்து நிமிசத்தில் இருமி இருமி நின்றுபோனது. பெற்றோல் முடிந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். நிறைய இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். ஓடியது. மறுபடி பத்து நிமிசத்தில் நின்றது. அன்றைக்கு நாலு பாத்திக்குத்தான் தண்ணீர் போனது.

அடுத்த நாள் காபரேற்றரைத் திரும்பவும் கழற்றினார்கள். கழுவி வைத்த கோப்பை மாதிரி இருந்தது. ஆனாலும் கழுவினார்கள். அம்மா முதல் தடவையாக இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் திரும்பிப் போனார். பெரியப்பா ஒன்றை எடுத்துக் குடித்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுத் தேத்தண்ணி. எனக்கு ஒருவரும் கொண்டுவரவில்லை.

மிசின் பத்து நிமிசம் ஓடிவிட்டு நின்றது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆயுத பூசையண்டு நீ மிசினிலை என்ன செய்தனீ?"

"பொட்டு வைச்சனான்."

"தாங்கியைத் திறந்தனியோ? மண் ஏதும் போட்டனியோ?"

"இல்லை."

பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சின்னப் பிள்ளையள் கை வைச்சால் இப்பிடித்தான் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

என்மேல் சாட்டிய குற்றத்தை நானே என் வாயால் காவிக்கொண்டுபோக வேண்டியிருந்தது. "அப்பா, சின்னப் பிள்ளையள் கை வைச்சால் இப்பிடித்தானாம்."

"ஓம், நானும் அதைத்தான் நினைச்சனான் எண்டு சொல்லு."

ஒரு வருசமாக ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம், பிழை என்னுடையது என்பது. காபரேற்றருக்குள் பிசினைக் காய விட்டது நானா? வடிக்க மறந்தது நானா? அந்த மஞ்சள் பிசினை என் கண்ணாலேயே பார்த்த பிறகும், அதை அப்படியே மறந்துவிட்டு என் தலையில் கட்டுகிறார்கள். அன்று நான் சோறு சாப்பிடவில்லை. கன்றுகள் செத்தால் செத்த ஒவ்வொன்றையும் என் பெயரில்தான் எழுதுவார்கள் என்று தெரிந்தது. படுக்கும் மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஒருவருடைய முறையும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். கன்றுகள் வாடித் தலை தொங்க ஆரம்பித்திருந்தன. தாங்கிக்குள் நான் போட்டதாக அவர்கள் சொன்ன மண்ணைத் தேடுவதற்காகப் பெற்றோலை வாளியில் வடித்தார்கள். மூடியை என் கையில் தந்து, கீழே வைக்காதே என்றார்கள். மண் இருக்கவில்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் கையில் இருந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்பக்கம் நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தது. வெளிப்பக்கம் திருப்பினேன். அங்கே துளை இல்லை. நான் வைத்த சந்தனம்தான் காய்ந்து இறுகிக் கிடந்தது. எனக்கு டின்பால் நினைவு வந்தது. டின்பாலில் ஒரு துளை போட்டால் பால் வராது. காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட வேண்டும். அம்மா ஒளித்து வைக்கிற டின்பாலைக் களவாகக் குடிக்கிற எவருக்கும் இது தெரியும். சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிச் சந்தனத்தைத் தோண்டினேன். மறுபக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது.

மூடியைப் பூட்டினார்கள். மிசின் பத்து நிமிசம் ஓடியது. இருபது நிமிசம் ஓடியது. அப்பா மண்வெட்டியோடு ஓடி ஓடிப் பாத்திக்குப் பாத்தி மடை வெட்டித் தண்ணீர் மாறினார். எங்கள் தோட்டம் முடிந்து, வாய்க்காலைத் திருப்பிப் பெரியப்பாவின் தோட்டத்துக்கும் தண்ணீர் போனது. மிசின் நிற்கவே இல்லை. அப்போதுதான் நான் ஊசியையும் சந்தனத் துகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சந்தனத்தை வைத்தது நான் என்பதையும் ஒத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் கண்டுபிடித்தவள் நான்தானே, தலையைத் தடவி ஒரு நல்ல சொல் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா துகளைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏதோ கெட்ட செய்தி சொல்லிவிட்டேன் போல இருந்தது அவர்களுடைய முகம். பெரியப்பா எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். கடப்புக்குள்ளால் குனிந்து போய்விட்டார். அம்மா இரண்டு தேத்தண்ணியோடு வந்தபோது அங்கே ஒருவர்தான் இருந்தார். அப்பா தன்னுடையதைக் குடித்து முடித்து, "பெரிய எஞ்சினியர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது புகழ்ச்சி இல்லை என்பது பத்து வயதிலும் விளங்கியது. பெரியப்பாவுக்கு ஊற்றிய தேத்தண்ணியை நான் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

வியாழன் எங்கள் முறை, மிசின் ஓடியது. வெள்ளி பெரியப்பாவின் முறை, அங்கேயும் ஓடியது. கிணற்றடியில் இரண்டு பேரும் சந்திக்கத் தேவை வரவில்லை. என்னைக் கூப்பிடவும் தேவை வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே என்று நான் சந்தோசப்பட்டேன். அப்பாதான் ஏனோ சாப்பாட்டில் உப்பில்லை, சட்டை காயவில்லை என்று எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பின்னேரம் அப்பா மிசினைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொட்டிலில் வைத்தார். திங்கள் காலை கிணற்றடியில் இறக்கி இயக்கினார். பத்து நிமிசத்தில் நின்றது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடியின் நடுவில், துளைக்கு நேரே, வட்டமாகச் சந்தனம். பூசை முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. நான் சுவாமி அறைப் பக்கமே போகவில்லை.

"அப்பா, மூடியிலை திரும்பவும் சந்தனம் கிடக்கு."

"போய்ப் பெரியப்பரைக் கூட்டிக்கொண்டு வா."

"ஊசியாலை தோண்டினால் சரி அப்பா."

"போ எண்டால் போ."

போனேன். பெரியப்பா காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு தன் வாசலில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்னரே எழும்பினார். போகும்போது தன் சாவிகள் போட்டு வைத்திருந்த பிஸ்கற் தகரத்தையும் எடுத்துக்கொண்டார். கிணற்றடிக்கு வந்து குந்தி, மூடியைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். அவருக்குக் கண் நல்ல தெளிவு, முந்நூறு அடி தள்ளி நிற்கிற மாடு யாருடையது என்று சொல்வார். அப்பா அந்த நேரம் பார்த்துக் குழாயின் மற்ற நுனியில் ஏதோ இருப்பது போலக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கொப்பரிட்டைச் சொல்லு" என்றார் பெரியப்பா, "காபரேற்றரைக் கழட்டினால்தான் சரிவரும்."

நான் சொல்லும் முன்னரே அப்பா வந்து இந்தப் பக்கத்தில் குந்திவிட்டார். பத்தாம் நம்பர் சாவி அவருடைய மடியில் ஏற்கனவே இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்தது. "இஞ்சை பாருங்கோ பெரியப்பா" என்று என் விரலைக் கொண்டுபோய்ப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்ரை விரலாலை வைச்சதில்லை. என்ரை விரல் இதிலை பாதிகூட இல்லை."

"நீ வைக்காமல் வேறை ஆர் வைக்கிறது? கொப்பரோ வைக்கிறது?" என்று பெரியப்பா சிரித்தார். வீடு குடிபூரலுக்குப் பிறகு அவர் எங்கள் பக்கத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்பா குனிந்து நிலத்தில் ஆணி தேடினார். ஆணி ஒன்றும் விழவில்லை.

பிசின் ஒரு பொட்டும் இல்லாத காபரேற்றரைக் கழற்றி, அன்றைக்கு முழுக் காலையும் பெற்றோலில் கழுவினார்கள். 'மெல்லத் திருப்பச் சொல்லு' என்றால் நான் வாய் திறக்கும் முன்னரே மற்றவர் மெல்லத் திருப்பினார். ஆனாலும் என்னைப் போகவிடவில்லை. அம்மா இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்தார். அவை சூட்டோடேயே முடிந்தன. எல்லாம் பூட்டிய பிறகு பெரியப்பா சாரத்தின் தொங்கலால் தாங்கி மூடியை ஒருதரம் துடைத்தார். சும்மா தூசி தட்டுவது போலத்தான் துடைத்தார், ஆனால் நகத்தை ஊன்றித் துடைத்தார். மிசின் பின்னேரம் வரைக்கும் ஓடியது.

"காபரேற்றர்தான்" என்றார் பெரியப்பா.

"ஓம்" என்றார் அப்பா.

அந்த 'ஓம்' என் வழியாகப் போகவில்லை. என்னிடம் கேட்காமல், என்னைச் சொல்லச் சொல்லாமல், நேரே போனது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. செய்யாத குற்றத்தோடு வெயிலில் நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நான் கவனித்தது வேறு ஒன்று. அன்று காலை, காபரேற்றரில் கை வைக்க முன்னர், அப்பா மடியில் இருந்த சாவியை எடுத்தபோது அவருடைய மோதிர விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. போன கிழமைப் பிசின்தான் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். ஒரு கிழமையாகக் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாத மனிதர் என்மேல் குற்றம் சொல்ல விடுகிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.